தண்ணீருக்கு முன் வரும் காற்று

"மேல இருக்கற புள்ள ஊமைங்களா? வந்து இத்தன மாசமாச்சு, அது வாயத் தொறந்து ஒரு சொல்லு நான் கேட்டதில்ல" என்று தெருக்குழாயடியில் யாரோ சொன்னது, தண்ணீர் பாட்டிலை எடுக்க ஜன்னலோரம் போன என் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் அவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். பாட்டிலோடு நாற்காலிக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். கானாவிலும் பிரேசிலிலும் பின்லாந்திலும் முன்பின் தெரியாத முந்நூறு பேரிடம் அன்று காலையிலிருந்து, 'நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்' என்று சொல்லியிருந்தேன். ஒருவரும் நலம் என்று சொல்லவில்லை, நலமில்லை என்றும் சொல்லவில்லை.

கரூரில், அமராவதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கீழே கொசுவலை தைக்கும் கூடமும் மேலே ஒற்றை அறையுமாக இருந்தது நாச்சிமுத்து சாரின் கம்பெனி. ஒருமுறை டெல்லிக் கண்காட்சியில் கடை போட்டு, ஒரு பை நிறைய விசிட்டிங் கார்டும் தீராத வயிற்றுக்கோளாறுமாகத் திரும்பிவந்த சார், இனிமேல் வாடிக்கையாளரைத் தேடித் தான் அலைவதில்லை, இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு, துறையூர்ப் பக்கம் பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார். கொசு இருக்கிற நாடுகளில் வலை விற்கிறவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை இணையத்தில் பொறுக்கி எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதுபோல் எல்லோருக்கும் ஒன்றையே எழுதுவது என் வேலை. என் பெயர் மங்கையர்க்கரசி. "அது வெளிநாட்டுக்காரன் வாயில நொழையாது அம்மிணி, மேகின்னு போட்டுக்க" என்று சார் சொன்னதால், நான் அனுப்பிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

சாயங்காலம் சார் படியில் பாதி ஏறி நின்று கேட்பார். "பதில் வந்துச்சா அம்மிணி?"

"இல்லைங்க சார்."

சில நாட்களில் நான் வாய்விட்டுப் பேசியது அந்த இரண்டு சொற்கள்தாம். விடுதியில் என் அறைத்தோழி ஒரு நர்ஸ். நான் தூங்கும்போது அவள் வேலைக்குப் போவாள், நான் வேலைக்குப் போகும்போது அவள் தூங்குவாள். அவளுடைய போர்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

பதில் வராத கோபத்தில் சார் ஒருநாள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன் அக்கா மகன் ஹரிபிரசாத்தைப் போனில் பிடித்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அது புது அட்ரஸு மாமா. தெரியாத வூட்டுல இருந்து தெனம் முந்நூறு கடுதாசி வந்தா, மெயில் கம்பெனிக்காரன் பிரிச்சே பார்க்காமக் குப்பையிலதான் தள்ளுவான். மொதல்ல அட்ரஸச் சூடேத்தணும்."

"சூடேத்தறதா? அடுப்புலயா வெக்கறது?"

"அந்த அட்ரஸுக்கு நாலு சிநேகிதம் இருக்கோணும் மாமா. நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு போகணும், வரணும். குப்பையில விழுந்தா எடுத்துத் தொடச்சு வெக்கணும். அதையெல்லாம் பார்த்துட்டுத்தான், சரி, இது மனுசங்க இருக்கற வூடுன்னு நம்புவான். மாசம் இவ்வளவுன்னு வாங்கிட்டு அதச் செஞ்சு குடுக்கற கம்பெனியெல்லாம் இருக்குது."

"சிநேகிதத்துக்குக் காசா?" என்று சார் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். "நம்ம தெருவுல இத்தன சனம் சும்மாதான கெடக்குது!"

மறுமுறை தண்ணீர் வந்த காலையில், கல்யாணத்துக்கு அழைக்கிறவர் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போய், மெயில் கணக்கு தொடங்கப் பெயர் கொடுங்கள் என்று கேட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. டீக்கடை ராசப்பன் தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் இரண்டும் வர வேண்டும் என்றார். தையல்கார ஜமீலாக்கா, தன் பெயருக்குப் பக்கத்தில் இஸ்திரி அங்கண்ணன் பெயர் வரக் கூடாது என்றார். யாருடைய பட்டு ரவிக்கையோ யாராலோ கருகிப்போனதில் அவர்கள் இருவரும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. கடைசியாக, கீழே கூடத்தில் வலைகளுக்கு ஓரம் தைக்கும் பாவாயம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடி சொன்னார்: "எம்பேரு எதுக்குங். எம்பையன் பேரப் போட்டுக்கங்க. மயில்சாமி. அவனுக்குத்தான் கடுதாசி போட ஆளில்ல."

மயில்சாமி லாரியில் கிளீனராகப் போனவன். வடக்கே ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கி, திரும்ப ஏறவில்லை. நாக்பூரில் பார்த்ததாக ஒருவரும் சூரத்தில் பார்த்ததாக இன்னொருவரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு பார்த்ததாகச் சொல்லவும் ஆள் இல்லை.

ஆக, முந்நூறு அந்நியர்களுக்கு எழுதிய நேரம் போக, மீதி நேரத்தில் நான் தெருவாக இருந்தேன். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு எழுதி, இன்னொன்றிலிருந்து பதில் போட்டு, குப்பையில் விழுந்ததை எடுத்துத் துடைத்து வைத்தேன். அவர்களில் ஒருவரோடும் நான் பேசியதில்லை என்பதால், ஜன்னலிலிருந்து பார்த்தவற்றையே எழுதினேன். ராசப்பன் ஜமீலாக்காவுக்கு எழுதினார்: 'நேற்று இடது காலை இழுத்து நடந்தீர்கள். எண்ணெய் தடவினீர்களா?' மாவு மில் பழனாத்தாள் ராசப்பனுக்கு எழுதினார்: 'உங்கள் கடைக் கண்ணாடி டம்ளர்களில் ஒன்றுக்கு விளிம்பு உடைந்திருக்கிறது, அதை நீங்களே வைத்துக்கொண்டு குடிக்கிறீர்கள், உதடு பத்திரம்.'

எங்கள் தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். குழாய் சளிபிடித்தவர்போல் இருமும், சீறும், நாலு சொட்டுத் துருவைத் துப்பும், பிறகுதான் தண்ணீர். அந்த வாரம் குழாய் இருமியது, சீறியது, பிறகு ஆண் குரலும் அல்லாத பெண் குரலும் அல்லாத இரும்புக்குரலில், "ராசப்பன் ஜமீலாவுக்கு எழுதுவது. நேற்று இடது காலை இழுத்து நடந்தீர்கள். எண்ணெய் தடவினீர்களா?" என்றது.

ஜமீலாக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தடவுனேன்னு சொல்லு. வேப்பெண்ணெ" என்றார் குழாயிடம்.

டீக்கடை வாசலில் நின்ற ராசப்பன், "நான் எப்ப எழுதுனேன்?" என்றார். பிறகு சற்று யோசித்து, "சரி, எழுதியிருப்பேன். கேக்கணும்னு நெனச்சதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு தண்ணீர் வந்தது, குடங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மூன்று தண்ணீருக்குள் அது பழகிவிட்டது. கடிதம் முடியும்வரை யாரும் குடத்தை அடியில் வைக்கக் கூடாது, வைத்தால் சொல் குடத்துக்குள் விழுந்து கொடகொடவென்று ஆகிவிடுகிறது என்று விதி உண்டாயிற்று. குழாய்க்கு ஒருவர் குங்குமம் வைத்தார், தண்ணீர் சிவக்கிறது என்று இன்னொருவர் அழித்தார். ராசப்பன் தண்ணீர் நாளில் கடையைச் சீக்கிரம் திறந்து, கடிதம் கேட்க நிற்பவர்களுக்கு டீ விற்றார். தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் வந்து, குழாயில் காது வைத்துக் கேட்டு, "தண்ணி வரலீன்னா புகார் எழுதலாமுங். தண்ணியும் வந்து பேச்சும் வந்தா என்னன்னுங் எழுதறது?" என்று கேட்டுவிட்டு, தன் பெயரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று சாரை விசாரித்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தோடு வந்தவர்களிடம், "உங்க கொழாயில என்ன வருதோ அதக் கேளுங்க, போங்க" என்று சொல்லப்பட்டது.

அங்கண்ணன் பெயரில் நான் ஜமீலாக்காவுக்கு, 'மத்தியானம் உங்கள் மெஷின் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை' என்று எழுதிய வாரம், குழாய் அதைச் சொல்லி முடித்ததும் தெருவே திரும்பி இஸ்திரி வண்டியைப் பார்த்தது.

"இத மனசுல வெச்சுக்கிட்டா இத்தன வருசமா மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார் ஜமீலாக்கா.

"மொறைக்கலீங்க்கா" என்றார் அங்கண்ணன். "எம் மொகமே அப்படித்தான்."

தெரு சிரித்தது. நானும் மேலே, திரைக்குப் பின்னால், ஓசையில்லாமல் சிரித்தேன். என் வாக்கியங்கள் தெருவெல்லாம் நடமாடிக்கொண்டிருந்தன. இடுப்பில் குடத்தோடும், கையில் டீயோடும், கதவுக்குக் கதவு போய்வந்தன. ஒருவர் உடம்பை ஒருவர் விசாரித்தன. அவற்றை யாரோ எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாப்பிடுகிறவர்கள் தட்டைப் பற்றி நினைப்பதில்லை, அதுபோல. பன்னிரண்டு கணக்குகளில் என்னுடையது ஒன்று இல்லாததால், எத்தனை கடிதம் வந்தாலும் எனக்கு எழுதுவது என்று குழாய் ஒருபோதும் சொல்லவில்லை.

மயில்சாமியின் கணக்கிலிருந்து மட்டும் நான் எதுவும் அனுப்பாமல் இருந்தேன். பார்த்தவற்றை எழுதுகிறவள், பார்க்காத ஒருவனை எப்படி எழுதுவது? ஆனால் தண்ணீர் நாளில் பாவாயம்மா வரிசையின் கடைசியில் நிற்பார். எல்லோருடைய கடிதமும் முடிந்து, எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகு, குடத்தை வைக்காமல், வீணாகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். குழாய் வேறெதுவும் சொல்லாது. தண்ணீர் மெலியும் நேரத்தில் அரைக்குடம் பிடித்துக்கொண்டு போவார். அதை மேலிருந்து பலமுறை பார்த்தபின், மயில்சாமி டீக்கடை ராசப்பனுக்கு எழுதினான்: 'நான் இருக்கிறேன். இங்கே வெயில் அதிகம்.'

குழாய் அதைச் சொன்னதும் ராசப்பன்தான் முதலில் ஓடிவந்து குழாயிடம் குனிந்தார். "ஏண்டா மயிலு! எங்கடா இருக்கற? டீ குடிக்கப் போனவன் இன்னுமாடா குடிக்கற?" பாவாயம்மா குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தண்ணீருக்கு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றார்.

அவன் எந்த ஊரில் இருக்கிறான், என்ன வேலை செய்கிறான், ஏன் வரவில்லை என்றெல்லாம் புனைந்து எழுத எனக்குப் பயமாக இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த, உண்மையாக நடந்தவற்றை மட்டும் அவன் பெயரில் எழுதினேன். 'என் அறையில் மின்விசிறி சுற்றும்போது டக்டக்கென்று சத்தம் வருகிறது, நிறுத்தினால் அதைவிட மோசமாக இருக்கிறது.' 'ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வந்தேன்.' 'மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். இங்கே ரசத்தில் புளி அதிகம்.' 'நேற்று முழுவதும் யாரோடும் பேசவில்லை என்பது ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.' இவற்றையெல்லாம் குழாய் தெருவுக்குப் படித்துக் காட்டியது. "பாவம் மயிலு, எளச்சிருப்பான்" என்றார் பழனாத்தாள். "ஒரு டிக்கெட் எடுத்து வந்து சேர வேண்டியதுதான, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனவன்" என்றார் அங்கண்ணன். பாவாயம்மா மட்டும், குடத்தின் கழுத்தில் கை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தைக்கப் போனார். நான் எழுதியதை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு பதில் வந்தது.

ஒரு பிற்பகலில், பின்லாந்திலிருந்து, இரண்டே வரி. 'மேகி அவர்களுக்கு: தயவுசெய்து உங்கள் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிடவும்.' நான் படித்துக் காட்டியதும் நாச்சிமுத்து சார் மீதிப் படிகளை ஒரே மூச்சில் ஏறி வந்தார்.

"மேகின்னு பேரச் சொல்லி எழுதியிருக்கறான் பாரு அம்மிணி!"

"வேண்டாம்னுதான சார் எழுதியிருக்காங்க."

"வேண்டாம்னு சொல்றதுக்கும் படிச்சிருக்கோணுமல்ல? குப்பையில விழல பாத்தியா! சூடு ஏறிருச்சு!"

கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வந்தது. பாவாயம்மாவும் ஒன்றை வாங்கி, பாதியை இலைக்கிழிசலில் மடித்து வைத்துக்கொண்டதை மாடிப்படியிலிருந்து பார்த்தேன். சார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இனி அந்தத் தெருச் சனத்துக் கணக்கெல்லாம் வேண்டாம், அதுல பாதி நேரம் போகுது. இன்னிக்கே எல்லாத்தையும் மூடிரு. நாளையில இருந்து தெனம் ஆயிரம். ஒருத்தன் வேண்டாம்னா இன்னொருத்தன் வேணும்பான்."

"மயில்சாமி கணக்கும்ங்களா சார்?"

நான் கேள்வி கேட்டதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். "எல்லாந்தான் அம்மிணி. அவன் என்ன வலை வாங்கப்போறானா?"

சாயங்காலத்துக்குள் ராசப்பனை மூடினேன், ஜமீலாக்காவை மூடினேன், அங்கண்ணனை, பழனாத்தாளை, மற்றவர்களை மூடினேன். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்கள் இப்போது குழாயைக் கேட்காமலே ஒருவர் காலை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். மயில்சாமியை மூடினால், குழாய் இருமும், சீறும், தண்ணீர் வரும், அவ்வளவுதான். பாவாயம்மா மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். இந்தமுறை, நன்றாகத்தானே எழுதிக்கொண்டிருந்தான், என்ன ஆயிற்றோ என்று நிற்பார். எத்தனை தண்ணீருக்கு நிற்பார் என்று யார் கண்டது? சொல்லிவிட்டால், அவருக்கு இருந்த அந்தக் கொஞ்சமும் போய்விடும். திரையில் மயில்சாமியின் பெயர் திறந்தே கிடந்தது. கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாவாயம்மாவுக்கென்று முகவரி எதுவும் இல்லாததால், அவன் கணக்கிலிருந்து அவன் கணக்குக்கே எழுதி அனுப்பினேன். பிறகு அதையும் மூடினேன்.

தண்ணீர் வருகிற காலையில் நான் வழக்கத்தைவிட முன்னதாக வந்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். பாவாயம்மா முதல் ஆளாக நின்றார். குழாய் இருமியது, சீறியது, துருவைத் துப்பியது.

"பாவாயம்மாவுக்கு எழுதுவது" என்றது. "இதை எழுதுவது மயில்சாமி இல்லை. இதுவரை எழுதியதும் அவர் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த மின்விசிறியும், ஞாயிற்றுக்கிழமையும், புளி அதிகமான ரசமும் என்னுடையவை. மன்னித்துவிடுங்கள். மேல் அறையில் இருக்கும் மங்கையர்க்கரசி."

அதோடு சொல் தீர்ந்து தண்ணீர் வந்தது. யாரும் குடத்தை வைக்கவில்லை. தண்ணீர் கல்லில் விழுந்து, சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ராசப்பன் கையிலிருந்த டீயை ஆற்ற மறந்து நின்றார். பாவாயம்மா குனிந்து, தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளி வைத்தார். குடம் நிறையும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாவாயக்கா" என்றார் அங்கண்ணன்.

"மயிலு ரசந் தொடமாட்டான்" என்றார் பாவாயம்மா. "சின்னதுல இருந்தே. வாசனையே ஆகாது அவனுக்கு. ரசம்னு சொன்ன அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏங்க்கா மொத ஆளா வந்து நின்னீங்க?" என்று ஜமீலாக்கா கேட்டார்.

பாவாயம்மா வழிகிற குடத்திலிருந்து ஒரு கை தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார். "ஏதோ ஒண்ணு தனியா உக்காந்து சோறு திங்குதுன்னு தெரிஞ்சுது. எதுன்னு தெரியல."

பிறகு அவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். ஜமீலாக்கா பார்த்தார், அங்கண்ணன் பார்த்தார், ராசப்பன் பார்த்தார், தெரு முழுவதும் பார்த்தது. திரையை இழுத்துக்கொள்ள என் கை எழுந்தது. என் பின்னால் கம்ப்யூட்டரில் அன்றைய ஆயிரம் பேர் காத்திருந்தார்கள்.

"ஏ கண்ணு, மங்கை... என்னமோ அரசி" என்று பாவாயம்மா கூப்பிட்டார். "அங்கயே நின்னா எப்படி? எறங்கி வா. இந்தக் கொடத்த ஒரு கை தூக்கி உடு."

"வர்றேங்க" என்றேன். அது கீழேவரை கேட்டதா என்று தெரியவில்லை. படியிறங்கிப் போய், குடத்தின் அடியில் கைகொடுத்து, அவர் இடுப்பில் தூக்கி வைத்தேன்.